குவெர்ட்டி கீபோர்டைத் தந்த ஷோல்ஸ், கடைசி வரை அதை மாற்றிக்கொண்டே இருந்தது ஏன்?

உங்கள் போனில் ஆங்கில கீபோர்டைத் திறந்து மேல் வரிசையைப் பாருங்கள். க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய். ஆபீஸ் லேப்டாப்பிலும் இதே வரிசைதான். தமிழை தங்கிலீஷில் அடித்து வாட்ஸ்அப் அனுப்புகிறவர்களின் கட்டைவிரலும் இந்த வரிசைக்குத்தான் பழகியிருக்கிறது. முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்து வாசித்து, இதற்கு குவெர்ட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதன் பின்னால் இருப்பவர் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ். 19-ம் நூற்றாண்டு அமெரிக்கர். அச்சுக் கோத்தவர், பத்திரிகை ஆசிரியர், எம்.எல்.ஏ., சுங்க அதிகாரி என்று பல வேலை பார்த்தவர். 1890-ல் இறந்துபோனார். அதற்கு முந்தைய வருஷம் ஒரு புது தட்டச்சு இயந்திரத்துக்கு காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார். அதில் இருந்த எழுத்து வரிசை குவெர்ட்டி இல்லை!

உலகமே தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஒரு அமைப்பை, அதை உருவாக்கியவரே ஏன் மாற்ற நினைத்தார்? மணிக்கட்டு வலி தாங்காமல் வீட்டிலேயே உட்கார்ந்து சொந்தமாக கீபோர்டு கட்டிக்கொள்ளும் இன்றைய இளைஞர்களுக்கும் இந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஷோல்ஸின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அச்சுக்கூடத்தில் தொடங்கிய வாழ்க்கை

ஷோல்ஸ் பிறந்தது 1819 பிப்ரவரி 14, பென்சில்வேனியா மாநிலத்தின் மூர்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில். 14 வயதில் பக்கத்து ஊரான டான்வில்லில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அந்தக் காலத்து அச்சகம் என்றால் ஒவ்வொரு எழுத்தையும் ஈய அச்சாகக் கையில் எடுத்து, தலைகீழாகக் கோத்து, மை தடவி, அழுத்தி எடுக்க வேண்டும். எந்த எழுத்து அதிகம் தேவைப்படும், எது எப்போதாவது வரும் என்பது அச்சுக் கோப்பவர் கைக்கு மனப்பாடம். அதிகம் வரும் எழுத்துகளின் அறை பெரியதாக, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். பிற்காலத்தில் கீபோர்டில் எழுத்துகளை எங்கே வைப்பது என்று மண்டையைக் குடைந்துகொண்டவருக்கு இந்த அனுபவம் கை கொடுக்காமல் இருந்திருக்காது.

18 வயதில் விஸ்கான்சினுக்குப் போனார். அண்ணன் அங்கே கிரீன் பே நகரில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் ஷோல்ஸ் தனியாகவே சவுத்போர்ட் டெலிகிராஃப் என்ற பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். சவுத்போர்ட் என்ற அந்த ஊர்தான் பிறகு கெனோஷா என்று பெயர் மாறியது.

தூக்குத் தண்டனையை எதிர்த்த ஆசிரியர்

ஷோல்ஸைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தட்டச்சு இயந்திரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அவர் செய்த இன்னொரு வேலை அதைவிடப் பெரியது என்றுகூடச் சொல்லலாம்.

1851 ஆகஸ்டில் கெனோஷாவில், மனைவியைக் கொன்ற குற்றத்துக்காக ஜான் மெக்காஃப்ரி என்பவரைப் பொது இடத்தில் தூக்கிலிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் திருவிழாவுக்கு வருவதுபோல வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் உயிர் உடனே போகவில்லை. பல நிமிடங்கள் துடித்துக்கொண்டிருந்தார். இதைப் பார்த்துக் கொதித்தவர்களில் ஷோல்ஸும் ஒருவர். அவருடைய பத்திரிகை மரண தண்டனைக்கு எதிராகக் கடுமையாக எழுதியது.

எழுதியதோடு விடவில்லை. மாநில சட்டசபை உறுப்பினராக இருந்தபோது, மரண தண்டனையை ஒழிக்கும் முயற்சியை அவரே முன்னின்று நடத்தினார். 1853-ல் விஸ்கான்சின் மரண தண்டனையைச் சட்டப்படி ஒழித்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த மாநில அரசு யாரையும் தூக்கில் போட்டதில்லை.

ஷோல்ஸின் குணம் இதில் ஓரளவு தெரிகிறது. இருப்பது சரியில்லை என்று பட்டால், எல்லாரும் பழகிப்போன விஷயமாச்சே என்று விட்டுவிடுகிற ஆள் அவர் இல்லை.

பட்டறையில் கூடிய மூவர்

1860-களில் ஷோல்ஸ் மில்வாக்கி நகரில் இருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். அதிபர் லிங்கனின் நிர்வாகம் அவரை மில்வாக்கி துறைமுகத்தின் சுங்க அதிகாரியாக நியமித்தது. பத்திரிகை நெருக்கடியிலிருந்து விலகி, கொஞ்சம் மூச்சுவிட நேரம் தந்த வேலை.

அந்த நேரத்தை அவர் செலவிட்ட இடம் கிளைன்ஸ்டியூபர் என்பவரின் இயந்திரப் பட்டறை. ஊரில் எதையாவது கண்டுபிடிக்கத் துடிப்பவர்கள் வந்து குவியும் இடம் அது. இன்றைய மேக்கர் ஸ்பேஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லேத் இருக்கும், உலை இருக்கும், பக்கத்து மேஜையில் கருத்துச் சொல்ல ஒரு ஆளும் இருப்பார்.

ஷோல்ஸும் அவர் நண்பர் சாமுவேல் சோலும் சேர்ந்து அங்கே பக்க எண், டிக்கெட் எண் அச்சிடும் ஒரு கருவியைச் செய்தார்கள். 1866 நவம்பரில் அதற்கு காப்புரிமை கிடைத்தது. அதே பட்டறையில் ஒரு புதுவகைக் கலப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் கார்லோஸ் கிளிடன் என்ற வக்கீல். எண்ணை அடிக்கும் கருவி எழுத்தை மட்டும் ஏன் அடிக்கக் கூடாது என்ற கேள்வியைக் கிளப்பியவர் அவர்தான்.

1867 ஜூலையில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஒரு குறிப்பு வந்தது. ஜான் பிராட் என்பவர் லண்டனில் எழுத்து அடிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறார் என்ற செய்தி. அதைப் படித்த ஷோல்ஸுக்கு, இதைவிட எளிமையாகச் செய்யலாமே என்று தோன்றியது. மூவரும் களத்தில் இறங்கினார்கள்.

ஒரே ஒரு எழுத்தை அடித்த மெஷின்

முதல் மாதிரியில் 26 எழுத்துகள் இல்லை. ஒன்றே ஒன்றுதான். பழைய தந்திக் கருவியின் சாவி ஒன்றை எடுத்து, அதன் நுனியில் டபிள்யூ எழுத்தின் அச்சைப் பொருத்தினார்கள். மேலே கண்ணாடி, அதன் கீழே தாள், கார்பன் தாள். சாவியை அழுத்தினால் அச்சு மேலெழும்பி அடிக்கும். தாளைக் கையால் நகர்த்திக்கொண்டே அடித்தால் டபிள்யூ, டபிள்யூ, டபிள்யூ என்று வரிசையாக விழும்.

வேலைக்கு ஆகாத மெஷின்தான். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: விரலால் தட்டி எழுத்தை அச்சடிக்க முடியுமா? முடியும். அதே வருஷத்துக்குள் முழு அகரவரிசையும் அடிக்கும் இயந்திரம் தயார். 1868 ஜூன் 23-ல் மூவர் பெயரிலும் காப்புரிமை கிடைத்தது.

அந்தக் காப்புரிமையில் இருக்கும் கீபோர்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். அசல் பியானோ! கட்டைகளும் பியானோ கட்டைகள் போலவே. எழுத்துகள் கிட்டத்தட்ட அகரவரிசையில்தான் இருந்தன. ஏ முதல் எம் வரை ஒரு வரிசை, என் முதல் இசட் வரை இன்னொரு வரிசை. ஒன்று, பூஜ்யம் ஆகிய எண்களுக்குத் தனிச் சாவியே கிடையாது. ஐ எழுத்தை ஒன்றாகவும், ஓ எழுத்தை பூஜ்யமாகவும் வைத்துச் சமாளித்தார்கள்.

பியானோ கட்டை எழுதுவதற்கு ஒத்துவரவில்லை. பட்டறையில் இருந்த மத்தியாஸ் ஷ்வால்பாக் என்ற கடிகாரத் தொழிலாளியின் உதவியோடு அது வட்டப் பட்டன்களாக மாறியது.

உடைத்துத் தள்ளிய டெஸ்டர்

இந்த இடத்தில் கதைக்குள் வருபவர் ஜேம்ஸ் டென்ஸ்மோர். ஷோல்ஸுக்கு ஏற்கெனவே தெரிந்த பத்திரிகைக்காரர். ஷோல்ஸ் மெதுவாகப் பேசுபவர், கூச்ச சுபாவம். டென்ஸ்மோர் நேர்மாறு. சத்தம், பிடிவாதம், ஒரு காரியத்தை எடுத்தால் விடாப்பிடி. மெஷினைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, அதுவரை ஆன செலவான 600 டாலரைக் கொடுத்து 25 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டார். பிறகு நேரில் வந்து பார்த்தார். இது தேறாது, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மெஷினைச் சோதிக்க டென்ஸ்மோர் தேடிப் பிடித்தவர்கள்தான் முக்கியம். ஒருவர் சிகாகோவில் தந்திப் பயிற்சிப் பள்ளி நடத்திய எட்வர்ட் போர்ட்டர். வருகிற தந்தியைக் காதால் கேட்டுக்கொண்டே எழுத வேண்டிய தொழில் அவர்களுடையது. இன்னொருவர் வாஷிங்டனில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஜேம்ஸ் கிளெஃபேன். நாள் முழுக்க எழுதியே பிழைப்பவர்.

கிளெஃபேன் மெஷினை இரக்கமே இல்லாமல் அடித்தார். ஒன்று உடைந்தால் அடுத்தது. அதுவும் உடைந்தால் இன்னொன்று. கூடவே குறைகளைப் பட்டியல் போட்டுக் காட்டமான கடிதங்கள். ஷோல்ஸ் நொந்துபோனார். இந்த ஆளோடு இனி முடியாது என்ற நிலைக்கே வந்துவிட்டார். டென்ஸ்மோர் மட்டும் அசையவில்லை. நமக்கு வேண்டியது இப்படிப்பட்ட ஆள்தான், குறை இப்போதே தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும் என்பது அவர் வாதம்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடியது. டஜன் கணக்கில் மாதிரிகள் செய்யப்பட்டன. சோலும் கிளிடனும் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். ஷோல்ஸ் மட்டும் செய்து, கொடுத்து, திட்டு வாங்கி, மறுபடி செய்துகொண்டே இருந்தார். தட்டையான சட்டத்தில் கட்டியிருந்த தாள், உருளையில் சுற்றும்படி மாறியதும் இந்தக் காலத்தில்தான். மகள் லில்லியன் இந்த மெஷின் ஒன்றில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் 1872-ம் ஆண்டுப் படம் இன்றும் கிடைக்கிறது.

எழுத்துகள் இடம் மாறியது எப்படி?

குவெர்ட்டி பற்றி எல்லாரும் கேள்விப்பட்ட கதை ஒன்று உண்டு. வேகமாக அடித்தால் மெஷின் சிக்கிக்கொள்ளும், அதனால் அடிப்பவர்களின் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றே எழுத்துகளைக் கலைத்துப் போட்டார்கள் என்பது அந்தக் கதை.

இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஷோல்ஸின் மெஷினில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு உலோகக் கம்பியின் நுனியில் இருக்கும். கம்பிகள் ஒரு கூடை போல வட்டமாகத் தொங்கும். பட்டனை அழுத்தினால் கம்பி எழும்பி, உருளையின் அடிப்பக்கத்தில் தாளை அடித்துவிட்டுக் கீழே விழும். பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் அடுத்தடுத்து எழும்பினால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அடிப்பது தாளின் அடிப்பக்கம் என்பதால், தவறு நடந்தது உடனே கண்ணுக்குத் தெரியவும் செய்யாது. எனவே சேர்ந்து வரும் எழுத்துகளின் கம்பிகளைப் பிரித்துவைப்பது அவசியமாக இருந்தது என்று பலர் சொல்கிறார்கள்.

ஆனால் ஆளின் வேகத்தைக் குறைப்பது நோக்கம் என்பது நிற்காது. 1870-களின் தொடக்கத்தில் பத்து விரலாலும் பறக்கும் தட்டச்சாளர் யாருமே கிடையாது. மெஷினே அப்போதுதான் பிறக்கிறது! சிக்கலைத் தவிர்த்தால் வேகம் கூடத்தான் செய்யும்.

கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களான கொய்ச்சி யசுவோகா, மோட்டோகோ யசுவோகா இருவரும் 2011-ல் வேறொரு கோணத்தை முன்வைத்தார்கள். மெஷினை முதலில் பயன்படுத்தியவர்கள் தந்தி வாங்குபவர்கள். அன்றைய அமெரிக்க மோர்ஸ் குறியீட்டில் இசட் எழுத்தும், எஸ்-ஈ என்ற ஜோடியும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். அதனால் இசட், எஸ், ஈ மூன்றும் அருகருகே இருந்தால் அவர்களுக்கு வசதி. இன்றைய கீபோர்டில் மூன்றும் எப்படி அடுத்தடுத்து இருக்கின்றன என்று பாருங்கள். தவிர, ஆங்கிலத்தில் மிக அதிகமாகச் சேர்ந்து வரும் ஈ, ஆர் இரண்டும் குவெர்ட்டியில் ஒட்டியே இருக்கின்றன. சிக்கலைத் தவிர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் இது எப்படி?

எப்படியிருந்தாலும் ஒன்று உறுதி. ஒரே நாளில், ஒரே திட்டத்தில் வந்த வரிசை இல்லை இது. 1868-ல் அகரவரிசை. 1870 வாக்கில் நான்கு வரிசை, உயிரெழுத்துகள் மேலே. 1873-ல் குவெர்ட்டிக்கு நெருக்கமான ஒன்று. பழைய அகரவரிசையின் எச்சம்கூட இன்னும் அழியவில்லை. உங்கள் கீபோர்டின் நடு வரிசையைப் பாருங்கள்: டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல். இடையில் இருந்த உயிரெழுத்துகளைத் தூக்கிவிட்டால் இது அகரவரிசையேதான்.

துப்பாக்கிக் கம்பெனியில் தட்டச்சு மெஷின்

மில்வாக்கி பட்டறையில் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தால் வியாபாரம் ஆகாது. டென்ஸ்மோர் நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் இருந்த ரெமிங்டன் நிறுவனத்தை அணுகினார். துப்பாக்கி செய்தவர்கள். போர் முடிந்துவிட்டதால் தையல் மெஷின், விவசாயக் கருவி என்று புதுத் தொழில் தேடிக்கொண்டிருந்தார்கள். 1873 மார்ச் 1-ல் ஒப்பந்தம் ஆனது.

1874-ல் விற்பனைக்கு வந்த மெஷினைப் பார்த்தால் தையல் மெஷினின் தங்கச்சி போலவே இருக்கும். மேலே பூ வேலைப்பாடு, கீழே காலால் மிதிக்கும் பெடல். அடுத்த வரிக்குப் போக அதை மிதிக்க வேண்டும். விலை 125 டாலர். ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும்தான் வரும். ஆரம்பத்தில் சரியாகப் போணியாகவில்லை.

ரெமிங்டன் ஆட்களும் எழுத்து வரிசையில் கைவைத்தார்கள். புள்ளி இருந்த இடத்துக்கு ஆர் எழுத்து வந்தது அப்போதுதான். ஆக, இன்று நாம் பார்க்கும் குவெர்ட்டி என்ற பெயரே ரெமிங்டன் செய்த மாற்றத்துக்குப் பிறகுதான் சாத்தியம். 1878-ல் ஷிஃப்ட் சாவியோடு, சிறிய எழுத்தும் அடிக்கும் ரெமிங்டன் நம்பர் 2 வந்தது. அதன் பிறகுதான் சந்தை சூடுபிடித்தது.

பணம்? ஷோல்ஸ் தன் உரிமையை மொத்தமாக விற்றுவிட்டார். பல வரலாற்று நூல்கள் தரும் கணக்கு 12,000 டாலர். டென்ஸ்மோர் ஒவ்வொரு மெஷினுக்கும் ராயல்டி என்று பேசிக்கொண்டு பெரும் செல்வந்தர் ஆனார். பத்துப் பிள்ளைகள் பெற்ற ஷோல்ஸுக்கு அப்படி எதுவும் அமையவில்லை.

ஆனால் அவருக்கு மனநிறைவு தந்த விஷயம் ஒன்று இருந்தது. தட்டச்சு மெஷின் வந்த பிறகு, அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த அலுவலகங்களுக்குள் பெண்கள் சம்பளத்துக்கு நுழைய ஆரம்பித்தார்கள். 1881-ல் நியூயார்க்கில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. பெண்களுக்குத் தட்டச்சு வகுப்பே தொடங்கியது. பெண்கள் சொந்தக் காலில் நிற்க இந்த மெஷின் உதவியிருக்கிறது என்பதில் ஷோல்ஸுக்குப் பெருமை.

குவெர்ட்டி ஜெயித்தது எப்படி?

1888 ஜூலையில் சின்சினாட்டி நகரில் ஒரு தட்டச்சுப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் ஃபிராங்க் மெக்கரின், குவெர்ட்டி வரிசை கொண்ட ரெமிங்டன் மெஷினில். எதிரில் லூயிஸ் டிராப், வேறு வரிசை கொண்ட கேலிகிராஃப் மெஷினில். மெக்கரின் கீபோர்டைப் பார்க்காமலேயே எல்லா விரலாலும் அடித்தார். சுலபமாக ஜெயித்தார். ஜெயித்தது பார்க்காமல் அடிக்கும் பயிற்சி. பெயர் கிடைத்ததோ மெஷினுக்கும் அதன் வரிசைக்கும்.

பிறகு எல்லாம் சங்கிலித் தொடர்தான். பயிற்சிப் பள்ளிகள் குவெர்ட்டி சொல்லிக்கொடுத்தன. அதைக் கற்றவர்களை வேலைக்கு எடுத்த அலுவலகங்கள் குவெர்ட்டி மெஷின் வாங்கின. அதனால் இன்னும் பலர் குவெர்ட்டி கற்றார்கள். 1893-ல் ரெமிங்டன் உள்ளிட்ட பெரிய தயாரிப்பாளர்கள் ஒரே குடையின் கீழ் சேர்ந்ததும் போட்டி வரிசைகளுக்கு இடமே இல்லாமல் போனது. 1985-ல் பால் டேவிட் என்ற பொருளாதார அறிஞர், ஒரு சமுதாயம் தற்செயலாக ஒரு வழியில் நுழைந்துவிட்டு அதிலேயே மாட்டிக்கொள்வதற்கு உதாரணமாகக் காட்டியது குவெர்ட்டியைத்தான். வேறு சில பொருளாதார அறிஞர்கள் அதை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள்.

ஷோல்ஸின் கடைசி வரிசை

உரிமையை விற்ற பிறகும் ஷோல்ஸ் பட்டறைப் பழக்கத்தை விடவில்லை. காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்த வருஷங்களிலும் புதுப்புது தட்டச்சு மெஷின்களை வடிவமைத்தார். மகன்களும் அந்த வேலைக்குள் வந்தார்கள். 1889-ல் அவர் போட்ட விண்ணப்பத்தில் எழுத்துகள் முற்றிலும் வேறு வரிசையில் இருந்தன. குவெர்ட்டி ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த சமயத்தில், அதன் தந்தை அதைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

1890 பிப்ரவரி 17-ல் மில்வாக்கியில் ஷோல்ஸ் காலமானார். வயது 71. அந்தக் காப்புரிமை 1896-ல், அவர் இறந்து ஆறு வருஷம் கழித்துக் கிடைத்தது. அதற்குள் குவெர்ட்டியை அசைக்க யாராலும் முடியாத நிலை. புது வரிசையை யாரும் சீண்டவில்லை.

வீட்டில் கீபோர்டு கட்டுபவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

உங்கள் லேப்டாப் கீபோர்டை இன்னொரு தடவை பாருங்கள். ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை நேர் கீழே இல்லை, கொஞ்சம் தள்ளி, படிக்கட்டு மாதிரி சாய்ந்து இருக்கிறது. ஷோல்ஸ் காலத்து மெஷினில் ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் ஒரு நெம்புகோல் ஓடியது. ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கப் பட்டன்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நெம்புகோல் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. சாய்வு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இடது கையால் கீழ் வரிசையைத் தொடும்போது மணிக்கட்டு கோணலாகத் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எர்கோ கீபோர்டு கட்டுபவர்கள் முதலில் கழற்றி எறிவது இந்தச் சாய்வைத்தான். பட்டன்களை விரல் மடங்கும் திசையிலேயே நேர்க் கோடுகளாக நிறுத்துகிறார்கள். நடுவிரல் நீளம் என்றால் அந்தக் கோடு கொஞ்சம் மேலே, சுண்டுவிரல் குட்டை என்றால் அது கொஞ்சம் கீழே. கீபோர்டை இரண்டாகப் பிளந்து, தோள் அகலத்துக்குத் தள்ளிவைத்தால் மணிக்கட்டு நேராகும். உள்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி கூடாரம் போல வைத்தால் முன்கை முறுகாது. உள்ளே சுவிட்ச், டயோடு, கட்டைவிரல் அளவு மைக்ரோகன்ட்ரோலர். எந்தப் பட்டன் எந்த எழுத்து என்பதை க்யூ.எம்.கே. போன்ற இலவச மென்பொருளில் நாமே தீர்மானிக்கலாம். சால்டரிங் பழகியிருந்தால் சில வார இறுதிகளில் முடிகிற வேலை.

எழுத்து வரிசையை மாற்றுகிறவர்களும் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகஸ்ட் துவோராக், தன் மைத்துனர் வில்லியம் டீலியோடு சேர்ந்து 1936-ல் காப்புரிமை பெற்ற வரிசை இதில் பிரபலம். அதிகம் வரும் எழுத்துகளை விரல்கள் இளைப்பாறும் நடு வரிசைக்கே கொண்டுவந்தார்கள். வேகம் எவ்வளவு கூடும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. விரல் பயணம் குறைகிறது என்பதில் சந்தேகம் இல்லை. தமிழிலும் இதே யோசனை வந்திருக்கிறது. 1999-ல் தமிழ்நாடு அரசு அங்கீகரித்த தமிழ்99 அமைப்பில் அ, இ, உ இடது கை விரல்களுக்குக் கீழே. க, ப, ம, த வலது கை விரல்களுக்குக் கீழே. உயிர் ஒரு கை, மெய் ஒரு கை. தங்கிலீஷில் அடிப்பவர்கள் ஒரு வாரம் பழகிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இருக்கிற கீபோர்டுக்கு என்ன குறைச்சல் என்று வீட்டில் கேட்பார்கள், ஆபீஸிலும் கேட்பார்கள். உலகமே பழகிய ஒன்றை மாற்றுவது அகராதி பிடித்த வேலை என்று தோன்றலாம். ஷோல்ஸின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. குவெர்ட்டி என்பது அவர் பல தடவை கலைத்து அடுக்கியதில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் கம்பெனி வாங்கியது, உலகம் அங்கேயே நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை.

அவர் வேலை செய்த முறையை இன்றும் அப்படியே பின்பற்றலாம். 60 பட்டனையும் ஒரே நாளில் கோக்க வேண்டாம், ஒற்றை எழுத்தை அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்கியவர் அவர். வடிவத்தைத் தாளில் அச்சிட்டு, அதன்மேல் கையை வைத்துப் பாருங்கள். எந்த விரல் எட்டவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். கிளெஃபேன் மாதிரி முகத்துக்கு நேராகக் குறை சொல்கிற ஒருவரிடம் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். முதல் கீபோர்டு சரியாக வராது. இரண்டாவதும் வராமல் போகலாம். மணிக்கட்டு வலி ஏற்கெனவே இருந்தால் கீபோர்டு மட்டும் அதைத் தீர்த்துவிடாது, டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

ஷோல்ஸின் முதல் பியானோ கட்டை மாதிரி இன்று எங்கும் புழக்கத்தில் இல்லை. அவர் கடைசியாக வரைந்த வரிசையிலும் யாரும் எழுதுவதில்லை. இரண்டுக்கும் நடுவில், அடுத்ததை நோக்கிப் போகும் வழியில் அவர் இறக்கிவைத்த ஒன்றில்தான் இந்தக் கட்டுரையும் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது.